பேப்பர் தட்டும் பச்சை பிஸ்கட்டும்

பதினோரு வருஷமாக நான் பேப்பர் தட்டு வாங்கிக்கொண்டு போகிறவள்.

எங்கள் பல் ஆஸ்பத்திரியில் வருஷத்துக்கு ஒரு கொண்டாட்டம் உண்டு. குளிர் போய், வாசல் மரம் பூத்து, காத்திருப்பு அறையில் உறுமிக்கொண்டே இருக்கும் பழைய ஹீட்டரை அந்த வருஷத்துக்கு அணைக்கிற சனிக்கிழமை அது. டாக்டர் ஸ்விட்சை அணைப்பார். நாங்கள் ஏழு பேரும் கை தட்டுவோம். முதல் வாய் டாக்டர் சாப்பிட வேண்டும், அப்புறம் பேசுவார். அவர் பேசி முடித்த பிறகுதான் மற்றவர்கள் தட்டைத் தொடலாம். அவர் எப்போது முடிப்பார் என்பது அவருக்கே தெரியாது. போன வருஷம் ஒரு மணி நேரம் பத்து நிமிஷம். சாண்ட்விச் காய்ந்து ஓரமெல்லாம் சுருண்டுவிட்டது.

யார் என்ன கொண்டு வருவது என்ற லிஸ்டை ரிசப்ஷன்காரி எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவாள். ஒருத்தருக்குக் கேக், ஒருத்தருக்கு ஜூஸ், ஒருத்தருக்குப் பழம். என் பேருக்கு நேரே மட்டும் வருஷா வருஷம் 'பேப்பர் தட்டு'. தப்பு என் பேரிலும் கொஞ்சம் இருக்கிறது. சேர்ந்த முதல் வருஷம் நான் ஒரு டாஃபி செய்துகொண்டு போனேன். அதைக் கடித்த ரிசப்ஷன்காரியின் முன்பல்லுக்கு உறையாகப் போட்டிருந்த கேப் இரண்டாக உடைந்தது. அந்தக் கேப்பைச் செய்து கொடுத்தவளும் நான்தான். அது எனக்கு இரட்டை அவமானம்.

நான் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஒரு அறையில் பல் செட்டும் கேப்பும் செய்கிறவள். எல்லோருக்கும் நான் 'லேப் அக்கா'. மேலே இருப்பவர்கள் சிரிக்கும் சத்தம் குழாய் வழியாகக் கேட்கும், என்ன ஜோக் என்று மட்டும் கேட்காது. இந்த ஒரு நாள்தான் நானும் மேலே போய் அவர்களோடு உட்காருகிற நாள். அன்றைக்கும் காலித் தட்டோடு போய் நிற்கிறவளுக்கு எப்படி இருக்கும்? அழுகைதான் வரும். எனக்கு அழுகை வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும், அது என் ராசி.

இந்த வருஷம் லிஸ்ட் ஒட்டியதும் மேலே போனேன். என் பேருக்கு நேரே இருந்த பேப்பர் தட்டை அடித்துவிட்டு 'பிஸ்கட், அஞ்சு கலர்' என்று எழுதினேன்.

ரிசப்ஷன்காரி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "லேப் அக்கா, எதுக்கு உங்களுக்கு இந்த வம்பு?"

"ஏன், நான் சமைச்சா ஆகாதா?"

"ஆகும். எனக்குத்தான் பல்லு ஆகாது." முன்பல்லைத் தொட்டுக் காட்டினாள். "சரி, பண்ணுங்க. ஆனா ஒண்ணு. இந்தத் தடவை யாருக்காவது ஏதாவது ஆச்சு, ரிடையர் ஆகுற வரைக்கும் உங்களுக்குப் பேப்பர் தட்டுதான். நான் பேச்சு மாற மாட்டேன்."

"ஆகலேன்னா?"

"ஆகலேன்னா வருஷா வருஷம் நீங்க என்ன கேட்டாலும் அது."

எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னாள். நானும் எல்லோர் காதிலும் விழும்படி "சரி" என்றேன்.

எனக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்றால், என் தம்பியிடமிருந்து. அவன் கப்பலில் சமையல்காரன். ஜப்பானில் கப்பல் நின்றபோது அங்கிருந்து ஐந்து பொடி வாங்கிப் பார்சல் அனுப்பியிருந்தான். மாட்சா என்கிற பச்சைத் தேயிலைப் பொடி, செர்ரிப் பூவும் உப்பும் கலந்த இளஞ்சிவப்புப் பொடி, யூசு என்று எலுமிச்சைக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் நிற்கிற ஒரு பழத்தின் மஞ்சள் பொடி, ஊதாச் சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பொடி, கறுப்பு எள் பொடி. போனில் செய்முறையும் சொன்னான். வெண்ணெய், பொடித்த சர்க்கரை, முட்டை வெள்ளை, மைதா. மாவைக் கூம்புப் பையில் போட்டு நட்சத்திர முனை வழியாகப் பிழிந்து சுட வேண்டும்.

"அக்கா, ரொம்பச் சுலபம். ஆனா நீ பண்ணாத."

"ஏன்டா?"

"உனக்குச் சுலபமா ஒண்ணும் பண்ணத் தெரியாது."

வெளிநாட்டுக் கடலில் இருக்கிற பயல், கைக்கு எட்ட மாட்டான். போனை வைத்துவிட்டேன்.

அவன் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. எங்கள் வீட்டு அடுப்படி பல்பு மஞ்சள், அதில் வெள்ளை முட்டையே மஞ்சளாகத் தெரியும். நானோ பல்லின் வெள்ளையில் பதினாறு வெள்ளை பிரித்துப் பார்க்கிறவள். ஐந்து கலரும் ஐந்து கலராகத் தெரிய எவ்வளவு பொடி போட வேண்டும் என்று அந்த மஞ்சள் வெளிச்சத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? ஆகவே வெள்ளிக்கிழமை காலையில் ஐந்து பொடியையும் லேபுக்கே கொண்டுபோய்விட்டேன். அங்கே பகல் வெளிச்சம் போலவே எரியும் விளக்கு இருக்கிறது. பொடிகளை எதில் போட்டேன்? பல் செட் கொடுத்தனுப்பும் சின்ன மூடி டப்பாக்களில். புது டப்பாதான், யாரும் முகம் சுளிக்க வேண்டாம். மஞ்சள் பொடிக்கு மஞ்சள் மூடி, பச்சைப் பொடிக்குப் பச்சை மூடி.

மத்தியானம் விளக்கின் கீழே துளித் துளி மாவில் பொடியைக் கலந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, டாக்டரின் உதவியாளப் பெண் படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். அவளுக்கு நாங்கள் வைத்திருக்கும் பேர் அவசரம். இரண்டு பிள்ளை பெற்றவள், இரண்டையும் பிரசவ ஆஸ்பத்திரி வாசலிலேயே பெற்றுவிட்டாள் என்று சொல்வார்கள், நான் நம்புகிறேன்.

"அக்கா, இது புதுசா வந்த அச்சுப் பவுடர். சரியா இறுகுதான்னு பாத்து வைங்க. நாளைக்குக் காலையில பூக்கடை அம்மாவுக்கு இதுலதான் அளவெடுக்கணும். நான் வந்து எடுத்துக்கிறேன்." டப்பாவை வைத்தாள், ஓடினாள்.

அச்சுப் பவுடர் என்பது, தண்ணீரில் குழைத்து வாய்க்குள் வைத்தால் இரண்டு நிமிஷத்தில் ரப்பர் மாதிரி இறுகி, பல்வரிசையை அப்படியே அச்சு எடுத்துக் கொடுக்கிற பொடி. புதினா வாசனையும் வெளிறிய பச்சை நிறமும் அதற்கு உண்டு. அவசரமும் என்னிடம் வேலை பழகியவள்தானே, பச்சைப் பொடிக்குப் பச்சை மூடி போட்ட பல் செட் டப்பாவில்தான் கொண்டு வந்திருந்தாள்.

நான் சோதித்துப் பார்த்தேன், நன்றாக இறுகியது. மூடி வைத்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு, என் ஐந்து டப்பாக்களையும் எண்ணிப் பையில் போட்டுக்கொண்டு, மேஜையில் ஒரு பச்சை மூடியை அவசரத்துக்காக விட்டுவிட்டுக் கிளம்பினேன். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன். ஒவ்வொரு கலரிலும் பன்னிரண்டு, ஆக அறுபது. இளஞ்சிவப்பில் பூ, மஞ்சளில் சுருள், ஊதாவில் நட்சத்திரம், கறுப்பில் வளையம், பச்சையில் இலை. கை பழகிய வேலை பழகிய வேலைதான் பாருங்கள், என் பூவெல்லாம் கடைவாய்ப் பல்லாக வந்து உட்கார்ந்தது. நாலு முகடு, நடுவில் ஒரு பள்ளம். அழித்து அழித்துப் பிழிந்தேன். மூன்றாவது தடவை பூ கொஞ்சம் பூவானது.

பச்சை மாவுதான் படுத்தியது. பையில் போட்டதும் கல்லாக இறுகிக்கொண்டது, ரெண்டு கையாலும் அமுக்கினாலும் வர மாட்டேன் என்றது. ஜப்பான் தேயிலை ரொம்ப ரோஷக்காரத் தேயிலை போலிருக்கிறது என்று நினைத்தேன். மோந்து பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வாசல் மரம் பூத்தாலே என் மூக்கு அடைத்துக்கொள்ளும். பூவுக்கும் எனக்கும் அவ்வளவு ராசி. மாட்சாவை முதல் நாளே நுனிநாக்கில் வைத்துப் பார்த்து, புல்லை மென்ற மாதிரி இருக்கவே, இனி இதை நான் வாயில் வைப்பதில்லை என்று முடிவும் கட்டியிருந்தேன்.

"ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க. இந்தப் பையை அமுக்குங்க."

என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவர். வந்தார், சட்டைக் கையை மடக்கினார், அமுக்கினார். பை வெடித்துப் பச்சை மாவு சுவரில் போய் அப்பியது.

"பரவாயில்ல," என்றார். "நல்லாத்தான் போச்சு. அடுத்த தடவை கொஞ்சம் மெதுவா."

இதுதான் இவரோடு சிக்கல். காரை வேலியில் ஏற்றி நிறுத்துகிறவர்களிடம் இருபது வருஷமாக 'நல்லா ஓட்டுறீங்க' என்று சொல்லிச் சொல்லி, இவர் வாயிலிருந்து வருகிற நல்லாவுக்கு அர்த்தமே இல்லாமல் போய்விட்டது. கல்யாணமான புதிதில் நான் போட்ட உப்பில்லாத குழம்பும் நல்லா, உப்பு இரட்டிப்பான குழம்பும் நல்லா.

சுவரில் இருந்ததைச் சுவருக்கே விட்டுவிட்டு, இன்னொரு பையில் மிச்சத்தைப் பிழிந்து சுட்டு எடுத்தேன். ஐந்து கலரும் தட்டில் வரிசையாக உட்கார்ந்ததும் என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. இவருக்கு முதலில் ஒரு மஞ்சள் கொடுத்தேன். நல்லா. கறுப்பு. நல்லா. பச்சையைக் கொடுத்தேன்.

மென்றார். ஒன்றும் சொல்லவில்லை. கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தார், கட்டை விரலை உயர்த்திக் காட்டினார், பாத்ரூமுக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார். கால் மணி நேரம் குழாய் ஓடியது.

வெளியே வந்தவரிடம், "எப்படி?" என்றேன்.

"நல்லா இருக்கு."

"பச்சை?"

"பச்சை கொஞ்சம் அழுத்தமா இருக்கு." தாடையைத் தடவிக்கொண்டார். "ஆனா நல்லா இருக்கு."

மனுஷனுக்குப் பேச்சே வராத அளவுக்குச் சமைத்துவிட்டேன் என்று நான் பூரித்துப் போனேன். என்னைச் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை மூன்று மணி. கடைசிப் பேஷண்ட் போனதும் காத்திருப்பு அறையில் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளி, நடுவில் மேஜை போட்டார்கள். என் பிஸ்கட் தட்டை நடுவில் வைத்தபோது எல்லோரும் "ஐயோ, என்ன அழகு!" என்றார்கள். ரிசப்ஷன்காரி கூடக் குனிந்து பார்த்தாள். "இது பல்லா, பூவா?"

"பூ."

"ம். பூவாவே இருக்கட்டும்."

டாக்டர் ஹீட்டரை அணைத்தார். கை தட்டினோம். அவர் வெள்ளைக் கோட்டைச் சரி செய்துகொண்டு மேஜைக்கு வந்தார், கேக்கைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார், என் தட்டின் பக்கம் கையைக் கொண்டுவந்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முதல் வாய் என்னுடையது!

"பச்சைன்னா உடம்புக்கு நல்லது," என்று சொல்லிக்கொண்டே மூன்று இலைகளை ஒன்றாகச் சேர்த்து வாய்க்குள் தள்ளினார். அவர் எதையும் கொஞ்சமாகச் செய்கிறவர் இல்லை.

அந்த நேரம் பார்த்து அவசரம் என் காதுக்குள் வந்தாள். "அக்கா, அந்தப் புதுப் பவுடர் நல்லா இறுகுதுன்னு சொன்னீங்களே, என்னத்த இறுகுச்சு? காலையில பூக்கடை அம்மா வாயில வச்சிட்டு அஞ்சு நிமிஷம் நிக்கிறேன், அது பாட்டுக்குத் தண்ணியா ஓடுது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அந்தம்மா குடிச்சிட்டாங்க. 'நல்ல டீம்மா, கொஞ்சம் சர்க்கரை போட்டிருக்கலாம்'னு சொன்னாங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. டீயா? பிறகு புரிந்தது. பாத்ரூமில் கால் மணி நேரம் ஓடிய குழாயும் அப்போதுதான் புரிந்தது. அந்த மனுஷனை!

டாக்டர் மேஜைக்கு முன்னால் நின்று தொண்டையைக் கனைத்தார். அவருடைய பேச்சு எல்லா வருஷமும் 'மனிதனுக்குப் பல் எதற்கு?' என்றுதான் தொடங்கும். எல்லோரும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, ஒரு மணி நேரத்துக்கு மனசைத் திடப்படுத்திக்கொண்டோம்.

"மனிதனுக்குப் ப—"

அவ்வளவுதான். அதற்கு மேல் வரவில்லை.

தாடையை அசைத்துப் பார்த்தார். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் கட்டிப் பிடித்துக்கொண்டு விட மாட்டோம் என்றன. "ம்ம்," என்றார். பிறகு கொஞ்சம் சத்தமாக, "ம்ம்ம்!" கையை மேலே தூக்கினார், பக்கவாட்டில் விரித்தார், நெஞ்சில் வைத்தார். உருக்கமான இடம் என்று நினைத்து ஒருத்தர் கை தட்டிவிட்டார். உடனே எல்லோரும் தட்டினார்கள். பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து நாலு பேர் கேக்கின் மேல் பாய்ந்தார்கள்.

நான் பிஸ்கட்டின் மேல் பாய்ந்தேன். மிச்சமிருந்த எட்டுப் பச்சையையும் பொறுக்கி என் கைப்பைக்குள் போட்டேன். ரிசப்ஷன்காரி பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"டாக்டரைக் கூட்டிட்டு உள்ள வா," என்று அவசரத்திடம் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் மெதுவாக நடந்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததால்.

அவருடைய நாற்காலியிலேயே அவரைச் சாய்த்தோம். விளக்கைப் போட்டேன். வாய்க்குள் வைக்கிற பொருள்தான், விஷமில்லை. சின்னக் கரண்டியை ஓரத்தில் கொடுத்து நெம்பினேன். பொளக் என்று முழுசாகக் கழன்று வந்தது.

டாக்டர் எழுந்து உட்கார்ந்தார். வாய் கொப்பளித்தார். "யாரு வேலை இது?"

"நான்தான் சார்." பொய் சொல்லிப் பிழைக்க எனக்குத் தெரியாது. "டப்பா மாறிப் போச்சு. மாட்சான்னு நினைச்சு அச்சுப் பவுடரைப் போட்டுட்டேன். மன்னிச்சிருங்க சார்."

அவர் முகம் சிவந்தது. வாயைத் திறந்தார். சரி, பேப்பர் தட்டு அல்ல, வேலையே போச்சு என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் ஆரம்பிக்கவில்லை. அவர் பார்வை என் கையில் இருந்த பச்சை அச்சின் மேல் நின்றிருந்தது. பழக்க தோஷம், நானும் அதை விளக்குக்கு நேரே திருப்பிப் பிடித்திருந்தேன். இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுத்தமான அச்சை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு வரியோடு விழுந்திருந்தது. கீழே இடது பக்கம், கடைசிக் கடைவாய்ப் பல் இருக்க வேண்டிய குழியின் நடுவில், மிளகு அளவுக்கு ஒரு முட்டு.

அச்சில் முட்டு இருந்தால் பல்லில் ஓட்டை.

வருகிற பேஷண்ட் ஒவ்வொருத்தரையும் 'ஒழுங்காப் பல்லு தேய்ச்சா ஓட்டை எப்படி விழும்?' என்று அழ வைத்து அனுப்புகிற மனுஷன். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவசரம் கூரையைப் பார்த்தாள்.

"இனிப்பு," என்றார், சின்னப் பிள்ளை மாதிரி. "மத்தியானத்துல கொஞ்சம்."

"சரி சார்."

"இதை யாரும் பாக்கல."

"எதை சார்?"

அவர் கோட்டைச் சரி செய்துகொண்டார். "அந்தக் கறுப்பு வளையம் எப்படி இருக்கும்?"

"எள்ளு சார். அது வெறும் எள்ளுதான். சத்தியமா."

வெளியே வந்து கறுப்பு இரண்டு சாப்பிட்டார், ஒவ்வொன்றாக, மெதுவாக, வலது பக்கமாக. பேச்சை மறுபடி ஆரம்பிக்கவில்லை. மூன்றரை மணிக்கு எல்லோரும் தின்று, சிரித்து, ஜூஸைக் கொட்டி, யாரோ பாட்டுக் கூடப் போட்டிருந்தார்கள். சாண்ட்விச் ஓரம் சுருளாமல் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். இளஞ்சிவப்புப் பூவுக்கு அடிதடி நடந்தது.

ஆனால் நான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒருத்தருக்கு ஏதோ ஆகிவிட்டது. பேச்சு பேச்சுதான். ரிசப்ஷன்காரி நேரே என்னிடம் வந்தாள், நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"லேப் அக்கா."

"தெரியும்மா. பேப்பர் தட்டு."

"அதை விடுங்க." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பதினாலு வருஷமா அந்தப் பேச்சைக் கேக்குறேன். முதல் வரிசையில உக்காந்து. அந்தப் பச்சையில இன்னும் எத்தனை இருக்கு?"

"எட்டு."

"கெட்டுப் போகுமா?"

"அதுவா? அது நம்மளுக்கெல்லாம் அப்புறமும் இருக்கும்."

"கொடுங்க." வாங்கி, முன்மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒன்றும் நடக்காதவள் மாதிரி கேக் வெட்டப் போனாள்.

திங்கட்கிழமை மேலே தண்ணீர் பிடிக்கப் போனபோது ஃபிரிட்ஜ் கதவில் அடுத்த வருஷ லிஸ்ட் ஒட்டியிருந்தது. பதினோரு மாதத்துக்கு மேல் இருக்கிறது, அதற்குள் ஒட்டிவிட்டாள். 'லேப் அக்கா: பிஸ்கட், அஞ்சு கலர். பச்சை டாக்டருக்கு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே, 'பேப்பர் தட்டு: டாக்டர்' என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் டாக்டர் கையெழுத்தும் போட்டிருந்தார், கேள்வி கேட்காமல்.

எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. இந்தத் தடவை அது கோபமாக மாறவில்லை. லிஸ்டைப் போட்டோ எடுத்து என் வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது.

'நல்லா இருக்கு.'

இருபது வருஷத்தில் முதல் தடவையாக நம்பினேன்.